சிப்பாய் எந்த வரிசையோ அந்தக் காய்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலடிப்பேட்டைப் பக்கம் திரும்புகிற இடத்தில் ஞானசெல்வியின் பிரவுசிங் சென்டர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரரின் அரிசி மண்டி. அதனால் உள்ளே என்னதான் ஊதுவத்தி கொளுத்தினாலும் சாக்கு வாசனைதான் தூக்கலாக வரும். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். மூலையில் இருக்கிற ஆறாவது, மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும் ரமாபாய்க்கு. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அந்த நேரத்தில் வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் ஞானசெல்வியே எழுப்பி விட்டுவிடுவாள்.

"எந்திரிங்க சார், நாலாம் நம்பர்ல போய் இருங்க. கம்பெனி அக்கா வர்ற நேரம். அந்த மவுசு இல்லாட்டி அவங்களுக்குக் கை ஓடாது, ஏச்சு எனக்குல்லா விழும்."

ரமாபாய்க்கு நாற்பத்தொரு வயது. மணலியில் ஒரு உரக் கம்பெனியில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேராக இங்கேதான் வருவாள். 2004-ம் வருஷம் அது. பெண்கள் பிரவுசிங் சென்டருக்கு வந்தால் ஒன்று பிள்ளையின் ரிசல்ட் பார்க்க, இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்ப. ரமாபாய் வந்தது செஸ் ஆட. அதுவும் ஆளுக்கு மூன்றே நிமிடம் உள்ள வேக ஆட்டம். நேரம் தீர்ந்துவிட்டால், பலகை நிறையக் காய் இருந்தாலும் தோற்றதுதான். உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. ரமாபாய்க்கு அதுதான் ஒத்துவந்தது. அவள் செஸ் கற்ற இடமே அப்படி.

சின்ன வயதில் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் அவளுடைய வீடு இரண்டாவது மாடி. சிநேகிதி ஷம்ஷாத்தின் வீடு மூன்றாவது மாடி. ஒரே வயது, ஒரே கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். இரண்டு மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் பலகையை விரித்துக்கொண்டு ஆடுவார்கள். தண்ணிக் குடத்தோடு யாராவது ஏறினால் பலகையைக் காயோடு தூக்கி வழிவிட வேண்டும். கடிகாரம் ஏது? ஒருத்தி ஆட வேண்டிய நேரத்தில் மற்றவள் சத்தமாக எண்ணுவாள். பத்து சொல்வதற்குள் காயை நகர்த்தவில்லையென்றால் ஆட்டம் போச்சு. அந்தக் கட்டடத்தில் எல்லாருமே அப்படித்தான் ஆடினார்கள். இன்னொரு சட்டமும் இருந்தது. சிப்பாய் எதிரியின் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இஷ்டத்துக்கு ராணி எடுக்க முடியாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ, அந்த வரிசைக் காய்தான். யானை வரிசை என்றால் யானை. குதிரை வரிசை என்றால் குதிரை. உலகம் பூராவும் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று இருபத்திரண்டு வயது வரைக்கும் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரமாபாய்க்கு ஒரு பழக்கம். திரும்பத் திரும்ப எதிரே வருகிற ஆட்டக்காரர்களைப் பற்றிப் பழைய லாரிச் சீட்டுக் கட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். ஆள் எப்படி ஆடுகிறார், எதில் கெட்டி, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று. நெட்டில் முகம் தெரியாது. இதுதான் முகம்.

மூன்று வாரமாக அவள் ஒரே ஆளைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் அந்த ஆளின் பெயர் சுலைமானி. பெயருக்குப் பக்கத்தில் துபாய், ஷார்ஜா எல்லாம் சேர்ந்த அந்த நாட்டுக் கொடி.

'சுலைமானி. அடித்து ஆடுகிற ஆட்டம். பயம் கிடையாது. குதிரை இரண்டும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால் ஆளை அசைக்க முடியாது. காய் போனாலும் அசராமல் ஆடுகிறார். திருத்த வேண்டியது: ராணியைச் சீக்கிரமே வெளியே இழுத்துவந்து, பிறகு அதைக் காப்பாற்றவே ஓடிக்கொண்டிருக்கிறார். ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்த மறந்துவிடுகிறார். ஜெயிக்கிற நேரத்தில் அவசரம். கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தாலும் ஒரு நகர்த்தலுக்குப் பத்து விநாடிக்கு மேல் எடுப்பதே இல்லை.'

கடைசி வரியை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆட்டத்தில் சுலைமானியின் சிப்பாய் ஒன்று குதிரை வரிசையில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த சைட்டில் அப்போது ஒரு சின்னப் பெட்டி திறக்கும். ராணி, யானை, மந்திரி, குதிரை என்று நாலு படம் இருக்கும். யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ராணியைத் தொடுவார்கள். ராணி வந்தால் ரமாபாய்க்கு அடுத்த நகர்த்தலில் செக்மேட். அவள் தோற்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கட்டத்தில் ஒரு குதிரை வந்து நின்றது.

ரமாபாய் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவளுடைய நேரம் ஓடித் தீர்ந்தது.

"என்னக்கா, சிஸ்டம் நின்னுட்டா?" என்று ஞானசெல்வி மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டம் நல்லாத்தான் கீது செல்வி," என்றாள் ரமாபாய். "நான்தான் நின்னுட்டேன்."

அன்று அவள் பஸ் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

கம்பெனியில் சேர்ந்த புதிதில், 1985-ல், அவளைச் செஸ் டீமில் எடுத்தார்கள். அங்கே லைப்ரரியில் ஒரு புத்தகம் இருந்தது. அதைப் படித்துத்தான் சிப்பாய்க்கு ராணி எடுக்கலாம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஷம்ஷாத் வழக்கம்போலப் பலகையோடு படியிறங்கி வந்தாள். ஆட்டத்தில் ஷம்ஷாத்தின் சிப்பாய் குதிரை வரிசையில் கடைசிக்கு வந்தது. அவள் குதிரையை எடுத்து வைத்தாள். ரமாபாய் ஆபீஸ்காரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஐய, இன்னா ஷம்ஷு, இன்னும் மாடிப்படி ரூலுதான் ஆடிகினுகீறியா? ராணி எடுக்கலாம்மே. புக்குல கீது. உனுக்கு எங்க தெரியப் போது."

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். ஷம்ஷாத் குதிரையை மாற்றவில்லை. அதை வைத்தே ஆடித் தோற்றாள். காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டாள். அதற்கப்புறம் பலகை கீழே வரவில்லை. ஒன்றரை மாதத்தில் அவளுக்கு நிக்காஹ். ஷார்ஜாவில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. அவளுடைய அம்மா காத்தூன் பீவி நேரில் வந்து கூப்பிட்டும், ரமாபாய் டீமோடு வெளியூர் மேட்சுக்குப் போய்விட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். பிறகு கட்டடத்தை இடித்தார்கள், குடியிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு திசையில் போனார்கள். காத்தூன் பீவி எந்தப் பக்கம் போனார் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

பத்தொன்பது வருஷம். 'அன்னிக்கு நான் பேசனது தப்பு ஷம்ஷு' என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் கிருஷ்ணப்பனிடம் சொன்னாள். அவள் வீட்டுக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.

"கேட்டுட வேண்டிதான? இன்னா, துன்னுடுவாளா?"

"அவதான்னு தெரிஞ்சா கேட்டுடுவேன். ஆனா ஒண்ணு இடிக்குது. ஷம்ஷு ராணிய கடைசி வரிக்கும் வெளிய வுட மாட்டா. இந்தாளு மொதல்லயே இஸ்துகினு ஓடுது."

"பத்தொம்பது வருசத்துல மன்சன் மாற மாட்டானா? கண்ணாலத்தப்ப என் தல எப்டி இருந்துச்சு, இப்ப எப்டி கீது?"

"சும்மாக் கெட. அப்பவே பாதிதான் இருந்துச்சு."

"அதாம்மே சொல்றேன். மீதியும் பூட்ச்சில்ல?"

மறுநாள் அவனுக்குப் பகல் ஷிப்ட் முடிந்திருந்தது. டிவிஎஸ் வண்டியை மண்டி வாசலில் நிறுத்திவிட்டு அவளோடு உள்ளே வந்து உட்கார்ந்தான். ஞானசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணாச்சிக்கும் ஒரு சிஸ்டம் போடட்டுமா?" "வேணாம் தாயீ, நான் கிரேனோட சரி," என்றான்.

சுலைமானி வந்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்தது. நாலு நகர்த்தல் ஆனதும் ரமாபாய், பலகைக்குப் பக்கத்தில் பேசுவதற்கென்று இருக்கிற கட்டத்தில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். விரல் இரண்டு தடவை தப்பாகப் போனது.

"நீங்க ஷம்ஷாதா?"

எதிர்ப்பக்கம் காய் நகரவில்லை. பத்து விநாடி ஆனது. பதினைந்து ஆனது. மூன்று வாரத்தில் இதுதான் முதல் தடவை.

"அவங்கள உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பதில் வந்தது.

"இன்னாவாம்?" என்றான் கிருஷ்ணப்பன்.

"அவ இல்ல," என்றாள் ரமாபாய். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆனா அவள தெரிஞ்சவங்க."

அப்புறம் ஆட்டம் தன்பாட்டுக்கு நேரம் ஓடி முடிந்துபோனது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. சுலைமானி என்ற பெயரில் ஆடியது ஒரு பெண். அவள் பெயர் ஜஹானாரா. நாகூர்க்காரி. ஷார்ஜாவில் அவளுடைய எதிர் ஃபிளாட்டில் ஐந்து வருஷம் ஷம்ஷாத் குடியிருந்திருக்கிறாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி அக்காவை லாத்தா என்று எழுதினாள்.

"லாத்தாதான் எனக்கு செஸ் சொல்லிக் குடுத்தாங்க. மத்தியானம் சமையல முடிச்சிட்டு ஆடுவோம். பத்து எண்ணுவாங்க."

"இப்ப எங்க இருக்கா?"

"மஸ்கட் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மச்சானுக்கு அங்க வேலை. பெருநாளுக்குப் பெருநாள் பூத்துல இருந்து போன் பண்ணுவாங்க. அவங்களா பண்ணாத்தான் உண்டு. என்கிட்ட நம்பர் இல்ல."

ரமாபாய் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், கேட்டாள். "அவ சொல்லிக் குடுத்திருந்தா உங்க ஆட்டம் அவ ஆட்டம் மாதிரி இல்லியே?"

"லாத்தா ரெண்டு ஆட்டம் சொல்லிக் குடுத்தாங்க. ஒண்ணு அவங்க ஆட்டம். பொறுமையா குதிரைய வச்சு ஆடுறது. அதுல குதிரை மட்டும்தான் எனக்கு வந்துச்சு. இன்னொன்னு ரமா ஆட்டம். ராணிய எடுத்துட்டு ஓடுறது. அது நல்லா வந்துச்சு."

ரமாபாய் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்துப் பிரித்தாள். ராணியைச் சீக்கிரம் வெளியே இழுக்கிறார். ராஜாவை மறந்துவிடுகிறார். ஜெயிக்கிற நேரத்தில் அவசரம். எல்லாம் அந்தப் படியில் ஷம்ஷாத் அவளைப் பார்த்துக் கத்தியவைதான். 'ராணிய இஸ்துகினு எங்கமே ஓட்ற? ராஜா அனாதையா நிக்கிறான் பாரு!' மூன்று வாரமாக அவள் தன்னோடுதான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். கடல் தாண்டிப் போனவள் அவளுடைய ஆட்டத்தையும் அதன் ஓட்டை உடைசலோடு கொண்டுபோய், பேர் போட்டு, இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள்.

"இன்னாமே அழுவுற?" என்றான் கிருஷ்ணப்பன். "செல்வி பாக்குது."

"பாக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். "நான்தான் ரமா."

"அல்லாஹ்! நெசமாவா? புளியந்தோப்பு ரமாவா?"

"ஆமா. ஒண்ணு கேக்கணும். சிப்பாய்க்கு ராணி எடுக்கலாம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நெட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. லாத்தாவுக்கும் தெரியும். ரமா சொன்னதுதான் சரி, புஸ்தகத்துல அப்படித்தான் இருக்காம், ஆனா நாங்க படியில ஆடுனது இப்படித்தான்னு சொல்வாங்க. அதனால நானும் மாத்தல."

"கோவமா சொல்வாளா?"

"கோவம் இல்ல. சிரிச்சிட்டுத்தான் சொல்வாங்க. சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க."

ஆறரை ஆகியிருந்தது. இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று ஜஹானாரா கேட்டாள். ஆடினார்கள். ரமாபாய் அன்று நன்றாக ஆடினாள். ராணியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பொறுமையாக, ஒரு சிப்பாயை மெல்ல மெல்ல மேலே ஏற்றினாள். ஆனால் அது குதிரை வரிசை இல்லை. பக்கத்து வரிசை, குறுக்கே ஓடுகிற மந்திரியின் வரிசை. அவளுக்கு இருபது விநாடி மிச்சம் இருக்கும்போது சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. சின்னப் பெட்டி திறந்தது. நாலு படம்.

ராத்திரி அவள் சொன்னதில் கிருஷ்ணப்பனுக்கும் அந்தப் பெட்டி தெரிந்திருந்தது. "ராணிமே! ராணிய எடு! மெய்யாலுமே ஜெயிச்ச!"

ஒன்று, இரண்டு என்று அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டாள். ஐந்து சொல்லும்போது மந்திரியைத் தொட்டாள்.

மிச்ச விநாடிகளில் அந்த மந்திரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. நேரம் தீர்ந்தது. தோற்றாள்.

"பேஜாரு புடிச்ச ஆட்டமா கீதே," என்று கிருஷ்ணப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ரமாபாய் தட்டினாள். "பெருநாளுக்கு ஷம்ஷு போன் பண்ணா, ரமா மந்திரிதான் எடுத்தான்னு சொல்லுங்க."

"சொல்றேன். வேற ஏதும் சொல்லணுமா?"

ரமாபாய் ஒரு வரி தட்டி அழித்தாள். திரும்ப நீளமாகத் தட்டினாள். அதையும் அழித்தாள்.

"அவளுக்குப் புரியும்," என்று அனுப்பினாள்.

வெளியே வரும்போது மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்த அரிசி மண்டிக் காலண்டரைப் பார்த்து நின்றாள். "செல்வி, ரம்ஜான் பெருநாள் எப்ப போட்டுக்கீது பாரு."

ஞானசெல்வி எழுந்து தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "நவம்பர் பாதியிலக்கா. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே. அதுவும் பிறை பாத்துத்தான சொல்லுவாங்க, ஒரு நா முன்னப் பின்ன ஆவும்."

"ஆவட்டும்," என்றாள் ரமாபாய். ஞானசெல்வி கையை எடுத்தாள். தாள்கள் விழுந்து காலண்டர் செப்டம்பருக்கே திரும்பியது. வாசலில் கிருஷ்ணப்பன் ஹாரன் அடித்தான். அவள் இன்னும் காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.