மேல்பிடி

தாடைக்கு அடியில் ஒரு பட்டை, பிடரிக்கு அடியில் ஒரு பட்டை. இரண்டும் உச்சந்தலைக்கு மேலே ஒரு கொக்கியில் சேர்ந்தன. அங்கிருந்து கிளம்பிய கயிறு கப்பியில் ஏறி, கட்டிலின் தலைமாட்டில் எடைக்கற்களைத் தாங்கிக்கொண்டு நின்றது. நெட்டையன் மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கயிறு இழுத்த இழுப்பில் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்கவே முடியவில்லை.

"பதினஞ்சு நிமிஷம். பேசக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது," என்றார் தெரபி அம்மா. "ரொம்ப முடியலன்னா இடது கையால இந்தக் கொக்கியைக் கழட்டிடுங்க. சரியாண்ணே?" மணி வைத்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருவரைப் பார்க்கப் போனார்.

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் சாமான் தூக்குகிறவன். தலையிலும் தோளிலும் சுமந்து சுமந்து கழுத்தெலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கிவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டும் மரத்துக் கிடந்தன. "கை சரியாயிடுச்சுன்னு சீட்டு கொண்டா. இல்லன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சீட்டுக்கு முன்னால் ஒரு சோதனை இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, தெரபி அம்மா பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். நெட்டையன் இமையை நூலளவு திறந்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் சொன்னான். "பரவாயில்லையே, ஒண்ணுகூடத் தப்பில்ல!" என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சீட்டு எழுதினார். வாரத்துக்கு இரண்டு நாள் கழுத்தை இழுத்துக்கொள்ள மட்டும் வரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையும் தேறாதவனுக்கு அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த வாரமே மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பீரோ. படியில் இறக்கும்போது கீழ்ப்பிடி பிடிக்கிறவன் மேல்தான் பாரம் முழுக்க வந்து உட்காரும். வழக்கமாக உயரமானவன்தான் அங்கே நிற்பான். அன்றைக்கு மாப்பிள்ளை விடவில்லை. மாப்பிள்ளை என்றால் நெட்டையனின் தங்கை புருஷன். நெட்டையனின் நெஞ்சு உயரம்தான் இருப்பான். "கழுத்தை வச்சிக்கிட்டு நீ கீழ நிக்காத மச்சான். மேல்பிடி பிடி, நான் பாத்துக்கறேன்."

இரண்டாம் மாடித் திருப்பம் வரைக்கும் வந்துவிட்டார்கள். விரல்கள் எப்போது விட்டன என்று நெட்டையனுக்கே தெரியாது. பீரோ போவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். மாப்பிள்ளையின் கால் அதற்கடியில் இருந்தது.

"யாருய்யா விட்டது?" என்று மேனேஜர் கத்திக்கொண்டே படியேறி வந்தார். படியை அப்போதுதான் யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். "என் கால்தான் வழுக்கிடுச்சு சார்," என்றான் மாப்பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு. நெட்டையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவன் தாடையில் பட்டை ஒன்றும் இல்லை.

திரை விலகியது. முழங்கால் வரை மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். மாப்பிள்ளையேதான்.

"என்ன மச்சான், தூக்குல போட்டுட்டாங்களா?"

நெட்டையனுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வழியில்லை. கூரையைப் பார்த்தான்.

"பேசாத, பேசாத. நானே பேசறேன். வீட்லதான் உன் தங்கச்சி என்னை வாயைத் திறக்க விடமாட்டேங்கறா." மாப்பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "என்ன சொல்றா தெரியுமா? 'நல்லவேளை, எங்கண்ணன் உங்களுக்குக் கீழ நிக்கல. நின்னிருந்தா உங்க லட்சணத்துக்கு அவரைக் கொன்னே இருப்பீங்க'ங்கறா. கேட்டியா கதையை!"

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். "ஆபீஸ்ல எழுதிக் கேக்கறாங்க. என் கவனக்குறைவாலதான் விழுந்துச்சு, கம்பெனிக்கு இதுல பொறுப்பில்லன்னு. குடுத்தா என் வேலை போச்சு, வைத்தியச் செலவும் நம்ம தலையிலதான். குடுக்கலன்னா விசாரணை முடியற வரைக்கும் ரெண்டு பேரையும் நிறுத்தி வைப்பாங்களாம். கூடத் தூக்கினவன் சாட்சிக் கையெழுத்துப் போடணும். பன்னெண்டு மணிக்குள்ள கொண்டு போகணும்."

மணி அடித்தது. தெரபி அம்மா வந்து கொக்கியில் கை வைத்தார். நெட்டையன் அவசரமாக இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

"இன்னும் அஞ்சு நிமிஷமா? அவ்வளவு வலியா இருக்கு? சரி, அஞ்சே அஞ்சுதான்." மறுபடி மணி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"அப்ப படுத்தபடியே போட்டுடு," என்றான் மாப்பிள்ளை. ஒரு அட்டையை எடுத்து நெட்டையனின் நெஞ்சின்மேல் வைத்து, அதன்மேல் தாளை வைத்து, பேனாவை வலது கையில் கொடுத்தான். பேனா நழுவித் தரையில் விழுந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டிக் குனிந்து எடுத்துக் கொடுத்தான். திரும்பவும் விழுந்தது.

"என்ன மச்சான், ஒரு பேனாகூட..." சிரித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். பேனாவைப் பார்த்தான். அந்த மூன்று விரல்களையும் பார்த்தான். அப்புறம் கட்டைவிரலைப் பிடித்து, நகம் பதியும்படி அழுத்திக் கிள்ளினான். கூரையைப் பார்த்துக் கிடந்த நெட்டையனுக்கு எதுவும் தெரியவில்லை.

விரலை விடாமல், நகம் பதிந்த தடத்தை மாப்பிள்ளை மெல்லத் தேய்த்துவிட்டான்.

"வலது கையை மட்டும் நம்பாத இனிமே," என்றான் மாப்பிள்ளை, குரல் இறங்கி. "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா ஆகாது மச்சான். நீயாவது போ. போடு."

நெட்டையனின் விரல்களைப் பேனாவைச் சுற்றி ஒவ்வொன்றாக மடக்கி, மேலே தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நெட்டையன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எடைக்கற்கள் ஒன்றோடொன்று மோதின.

"அண்ணே, தலையை ஆட்டாதீங்க!" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டல் வந்தது.

இடது கை கொக்கி வரைக்கும் போனது. போய், கொக்கியைப் பிடித்தபடியே நின்றது. நெஞ்சின்மேல் மாப்பிள்ளையின் கை, நெட்டையனின் வலது கையையும் சேர்த்து நகர்த்தி, எழுத்து எழுத்தாக அவன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தது. நெட்டையன் தலையை ஆட்டுவதை நிறுத்தினான்.