பாலத்தில் கூட்டமில்லை

புருஷன் தினமும் லேட்டாக வந்து ஒரே பொய்யைச் சொல்கிறான் என்று பொறியாளர் அம்மாள் முடிவு கட்டிவிட்டாள்.

"பாலத்துல செம டிராஃபிக்மா."

இதை வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். போயும் போயும் போக்குவரத்துப் பொறியாளரிடமா? அந்தப் பாலத்தின் குறுக்கே கருப்பு ரப்பர் குழாயைப் போட்டு வைத்தவளே அவள்தான். சக்கரம் ஏறி இறங்கினால் ஓரத்துப் பெட்டி எண்ணிக்கொள்ளும். மத்தியானம் வண்டிகள் சாரை சாரையாகப் போகின்றன, சாயங்காலம் ஆறு மணிக்கோ அதில் பாதிகூட இல்லை என்றது பெட்டி. அவன் வேலை விட்டு வருவதும் அப்போதுதான். காலிப் பாலத்தில் என்ன டிராஃபிக்?

அக்காவிடம் போனில் புலம்பினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அக்காவுக்குச் சொல்லியா தரவேண்டும்?

"சட்டையை மோந்து பாத்தியாடி?"

பார்த்தாள். புகை நாற்றம். வண்டிப் புகையா, யார் வீட்டு அடுப்புப் புகையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மறுநாள் காலையில், "இன்னைக்கு மீட்டிங் இருக்குங்க, லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் பாலத்து முனையிலிருந்த நடைமேம்பாலத்தில் ஏறினாள். அவன் வண்டி வேறு பக்கம் திரும்பட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி!

குனிந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாலம் முழுக்க வண்டி, எள் போட்டால் கீழே விழாது. எல்லாம் அசையாமல் நின்றன. ரப்பர் குழாயின் மேல் ஒரு லாரிச் சக்கரம் ஏறி உட்கார்ந்திருந்தது. நகர்ந்தால்தானே பெட்டி எண்ணும்?

அட மண்டு! கடந்துபோன வண்டி குறைவென்றால் ரோடு காலியாகவும் இருக்கலாம், அடைத்துக்கொண்டும் இருக்கலாம். எத்தனை வண்டி நெருக்கியடித்து நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. வேறு பாலமாக இருந்தால் உடனே பிடித்திருப்பாள். இந்தப் பாலத்துக்கு மட்டும் சந்தேகம் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டது.

நேர் கீழே, பஸ்ஸுக்குப் பின்னால், நீல ஹெல்மெட். அவனேதான்! பாவம், புகையில் வெந்துகொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு ஓடிப்போய் அவனுக்குப் பிடித்ததாக ஏதாவது சமைக்க வேண்டும் என்று நினைத்துத் திரும்பியபோது போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க?"

"ஆபீஸ்லதாங்க. மீட்டிங் இன்னும் முடியல."

காலையில் சொன்னது தானாக வாயில் வந்துவிட்டது. போனில் ஹாரன் சத்தம் கேட்டது. மறுபடி குனிந்து பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவன் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்காக அங்க நிக்கிற?"

"உங்களுக்காகத்தாங்க."

சத்தியமான உண்மை. அவன் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை. முன்னால் பஸ் நகர்ந்தது, பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அவன் போனை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். குழாயின் மேல் அவன் சக்கரம் ஏறி இறங்கிப் போனது.