வாசுதேவன் என்கிற வைரஸ்

மூன்றாவது ஆண்டிவைரஸும் வந்ததும் வராததுமாக வாசுதேவனைத்தான் பிடித்தது.

வாசுதேவன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அருக்காணிக்கும் ஜோதிலிங்கத்துக்கும் மேல்வீட்டுக்காரர். கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பது பெரும்பாடாக இருந்த காலத்தில், அருக்காணி எழுதும் பொங்கல் நாடகங்களுக்காகவே சொந்தமாக ஒரு சின்ன மென்பொருள் செய்து கொடுத்தவர். அது இருந்தால்தான் அந்த நாடகங்கள் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கொக்கியும் கோடும்தான். காகிதப் பிரதிகளெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் நடிகர்கள் கையோடு போய்விட்டன.

என்ன காலம் அது. ஒத்திகை இந்த முன்னறையில்தான். டெல்லி ஜனவரிக் குளிரில் சேர சோழ மன்னர்களெல்லாம் கிரீடத்துக்கு அடியில் மங்கி கேப் போட்டுக்கொண்டு வீரவசனம் பேசுவார்கள். மன்னர் வேஷம் எப்போதும் வாசுதேவனுக்கு. அந்த மன்னர்களில் பாதிப்பேர் ஊர் போய்விட்டார்கள், மீதிப்பேர் துவாரகாவிலும் நொய்டாவிலும் முழங்கால் வலியோடு இருக்கிறார்கள்.

ஆண்டிவைரஸ் வேட்டை ஆரம்பித்தது ஜோதிலிங்கத்தின் ரிட்டயர்மெண்டால். பென்ஷன் வேலைகளை வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடித்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஆண்டிவைரஸ் போடாமல் பேங்க் சைட்டைத் திறக்கவே கூடாது என்று பெங்களூரிலிருந்து மகள் வைஷ்ணவி கறாராகச் சொல்லிவிட்டாள். காசு கொடுத்து வாங்குகிற ஆளா ஜோதிலிங்கம்? ஓசியில் எது நல்லது என்று ஆபீஸ் கேன்டீனில் விசாரித்து ஒவ்வொன்றாக இறக்கினார். முதலாவது, திரையின் மூலையில் எட்டிப் பார்த்து, காசு கட்டு காசு கட்டு என்று உயிரை எடுத்தது. இரண்டாவதைப் போட்டபின், ஒரு ஃபைல் திறப்பதற்குள் மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டே வந்துவிடலாம். இரண்டுமே வாசுதேவனின் மென்பொருளை ஆபத்து என்று தூக்கி எறிந்தன. பென் டிரைவில் இன்னொரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள்.

இன்று மூன்றாவது அதைத் தூக்கியதும், ஜோதிலிங்கம் பழக்கதோஷத்தில் பென் டிரைவைச் செருகினார். ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டல்லவா செருகியிருக்க வேண்டும்? அவசரக்குடுக்கை மனிதர். அது பென் டிரைவில் இருந்ததையும் வாரிக்கொண்டுபோய் அடைத்துவிட்டது. உலகத்தில் வேறு பிரதி கிடையாது. திரையில் ஒரு கேள்வி மட்டும் நின்றது: தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை, அழிப்பதா, விடுவிப்பதா?

"தெரியலையாமா?" அருக்காணிக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கெழம பூரா இந்த ஸ்டூல்லயே உக்காந்து செஞ்ச மனுசன். தெரியலையாமா?"

ஜோதிலிங்கம் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்பா, அந்தத் தமிழ் சாஃப்ட்வேர் நீங்க தட்டற ஒவ்வொரு கீயையும் பாக்குது. திருட்டு சாஃப்ட்வேரும் அப்படித்தான் பண்ணும். பாஸ்வேர்ட் போயிடும். போதும், டிலீட் பண்ணிடுங்க," என்றாள் வைஷ்ணவி.

கீயைப் பார்க்காமல் எப்படித் தமிழ் எழுத்துப் போடுமாம்? கேட்டுவிடலாம் என்று அருக்காணிக்கு வாய்வரை வந்தது. ஆனால் வைஷ்ணவிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளுக்கு அந்த நாடகங்கள் எப்படிப் பார்த்தாலும் கொக்கியும் கோடும்தான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"பென்ஷன் பணமாச்சே, அருக்காணி," என்றார் ஜோதிலிங்கம். அவர் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. அம்புக்குறி அழிப்பதன் பக்கம் நகர்ந்தது.

அருக்காணி மேசைக்கடியில் குனிந்தாள். இன்டர்நெட் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

"ஏனுங்க, இனி எந்த வழியா வைரஸ் வரும்? இதும் ஓசிதானுங்களே?"

ஜோதிலிங்கம் அவள் கையிலிருந்த வயரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனிடம், "கண்ணு, பேங்க் வேலைய நான் நேர்ல போயே பாத்துக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டு, வாசுதேவனை விடுவித்தார். கையோடு ஆண்டிவைரஸையும் வழியனுப்பினார்.

தமிழ் திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்க அருக்காணி கடைசி நாடகத்தைத் திறந்தாள். அதை அவள் அடித்து முடித்ததும் பிழை பார்க்க வாசுதேவன்தான் உட்கார்ந்தார். அந்தப் பொங்கலுக்குள் அவர் போய்விட்டார், நாடகம் மேடையேறவில்லை, பிறகு அதைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கொக்கிகள் மறைந்து எழுத்துகள் வந்தன. கடைசிக் காட்சி, மன்னன் சாகிறான். அவள் எழுதிய வசனத்துக்கு நடுவே, அவள் எழுதாத ஒரு வரி இருந்தது.

'மன்னர் சாகுமுன் அருக்காணி அக்கா கையால் ஒரு டீ கேட்கிறார்.'

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"வாய விட்டுக் கேட்டிருந்தாப் போட்டுக் குடுத்திருக்க மாட்டனா?" என்றாள் திரையைப் பார்த்து.