ஒலிக்காத போன்கள்

சோதனைக்காக மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த பழைய போன்கள் ஒரே நேரத்தில் அலறின. ரஞ்சிதா எழுந்து நின்று பார்த்தாள். ஜன்னலோரம் இருந்த மூன்று மட்டும் கறுப்பாகக் கிடந்தன. திரையைப் பார்த்தாள். எல்லா எண்களுக்கும் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பச்சைக் குறி காட்டியது. அந்த மூன்றுக்கும்கூட.

திருப்போரூரில் ஒரு கடையின் மாடியில் நடந்த சின்னக் கம்பெனி அது. கடலில் காற்று பலக்கப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததும், மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்கெல்லாம் போனில் குரல் அழைப்பு அனுப்புவதுதான் அவர்கள் நடத்திய சேவை. அதை ஓட்டிய அடித்தள மென்பொருளான பழைய ஃப்ரேம்வொர்க் சோம்பலானது. ஒரு போன் எடுக்கப்படும்வரை அல்லது அடித்து ஓயும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததற்கு நகரும். போன மழைக்காலத்தில் வடக்கே தொடங்கிய அழைப்புகள் தெற்குக் குப்பங்களுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உலகநாதனின் படகு கவிழ்ந்து ஆட்கள் அவரைத் தேடிக்கொண்டிருந்தபோது, கரையில் நின்ற அவர் மனைவி வச்சலாவின் கையில் போன் அடித்தது. கடலுக்குப் போகாதீர்கள் என்றது. ரஞ்சிதாவும் அந்தக் குப்பத்துப் பெண்தான். அன்று அவள் வச்சலாவின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அந்தப் பதிவுக் குரலும் அவளுடையதுதான்.

அதற்குப் பிறகுதான் சேவையைப் புதிய ஃப்ரேம்வொர்க்கில் மாற்றி எழுதினாள். அது எல்லாருக்கும் ஒரே மூச்சில் அழைப்பு அனுப்பும். அதனால்தான் அந்த மூன்று போன்களையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"சிக்னல் இல்லாம இருந்திருக்கும்" என்றான் ஜான்சன். படாளத்துக்காரன். கல்லூரியிலிருந்து அவளுடன் இருப்பவன்.

"சிக்னல் இல்லன்னா போகலன்னு சொல்லணும். போயிடுச்சின்னு ஏன் சொல்லுது?"

திரும்ப ஓட்டினார்கள். எல்லாம் ஒலித்தன. லைனைப் பாதியில் துண்டித்துப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் போகும் அழைப்புகளைக் கூட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாப் போனும் ஒலித்தது. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. பழுது கண்ணுக்குத் தெரிந்தால் பிடித்துவிடலாம். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டதை எங்கே போய்த் தேடுவது? இணையத்தில் தேடியபோது எந்த ஊர்க்காரரோ இதே புகாரைப் பல மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தார். கீழே இன்னொருவர் 'எனக்கும்' என்று மட்டும் போட்டிருந்தார். ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கியவர்கள் பதில் சொல்லவே இல்லை.

முதலாளி தீனதயாளன் நல்ல மனிதர். உலகநாதன் இறந்ததிலிருந்து சரியாகத் தூங்காதவர். "பழசுல ஒரு உயிர் போச்சி. புதுசுல மூணு போன் ஒரு தடவ அடிக்கல. மழை வந்துகினு இருக்கு ரஞ்சிதா. மாத்தலாமா வேணாமா? எழுதினது நீ. உன் வார்த்ததான்" என்றார்.

அவள் மறுநாள் சொல்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் தம்பி தேவா வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"கடல்ல இருக்கும்போது காத்து வருதுன்னு எப்படிடா தெரிஞ்சிக்கிறீங்க?"

"இன்னாக்கா கேக்குற? போன் அடிச்சா திரும்பிடுவோம்."

"அடிக்கலன்னா?"

"அடிக்கலன்னா காத்து இல்லனு அர்த்தம்." சிரித்தான். "இப்பல்லாம் யாரு வானத்த பாத்துகினு கீறாங்க? உன் கொரலு கீதுல்ல, அது போதும்."

அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. பழையது யாருக்குப் போகவில்லை என்பதையாவது ஒளிக்காமல் காட்டும். புதியது பச்சைக் குறி போட்டுவிட்டால் ஆபீஸில் உள்ளவர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடலில் உள்ளவனும் காற்று இல்லை என்று வலையை இறக்குவான். இரண்டு பக்கமும் நிம்மதி. நடுவில் மூன்று போன்கள்.

"ரெடி இல்ல சார்" என்றாள் மறுநாள்.

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்குள்ள காத்து வந்தா?"

"பழசுதான் ஓடும். போகாதவங்களுக்கு நாமளே கையால போடலாம்." சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப் பதில் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு தலையாட்டினார்.

காற்று அதற்குள் வந்தது. ஒரு காலைப்பொழுதில், படகுகள் உள்ளே போன பிறகு, எச்சரிக்கை திரையில் விழுந்தது. பழையது வடக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நகர்ந்தது. அவள் குப்பம் வரிசையின் அடியில் இருந்தது. ரஞ்சிதா தன் போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"தேவா, திரும்பு. காத்து வருது."

"கம்பெனி போன் ஒண்ணும் வர்லியேக்கா?"

"நான் சொல்றேன்டா! திரும்பு. பக்கத்துல கீறவங்களுக்கும் சொல்லு."

வைத்த பிறகுதான் உறைத்தது. நூற்றுக்கணக்கானவர்கள் காத்திருக்க, அவள் முதலில் கூப்பிட்டது தன் ரத்தத்தை. அதற்குள் ஜான்சன், தீனதயாளன், கணக்கு பார்க்கும் கீர்த்தனா எல்லாரும் மீதி எண்களைப் பங்குபோட்டுக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவளும் சேர்ந்துகொண்டாள். கடைசியில் ஒரு எண் மட்டும் சிவப்பாக நின்றது. கிஷோர். தேவாவின் கூட்டாளி. எத்தனை முறை போட்டும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. புதியதாக இருந்திருந்தால், அவன் எல்லைக்குள் இருந்தபோதே அழைப்பு போயிருக்குமோ? அல்லது இதே எண்தான் பொய்யாகப் பச்சையாகியிருக்குமோ? தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஜான்சனின் பைக்கில் கரைக்குப் போனாள். சவுக்குத் தோப்புகளைத் தாண்டும்போது காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கரையில் படகுகளை மேலே இழுத்துப்போட்டிருந்தார்கள். தேவா சொட்டச்சொட்ட நின்றிருந்தான். அவன் கையை இறுகப் பிடித்தாள். ஈரமாக, சூடாக இருந்தது.

"கிஷோரு வர்லக்கா" என்றான்.

கிஷோரின் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவளைப் பின்னாலிருந்து பிடித்திருந்த வச்சலா திரும்பிப் பார்த்தாள்.

"இவ புள்ளைக்கு போன் போச்சா?"

கேட்டது கிஷோரின் அம்மாவுக்காக. "இல்லக்கா. போகல. நிச்சயமா போகல."

வச்சலா தன்னை வைதுவிடுவாள் என்று ரஞ்சிதா நினைத்தாள். ஆனால் வச்சலா ஆண்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல? அவனுக்குத் தெரியாது. அவன் வழக்கமா போடுற எடத்துலயே வலய போட்டுகினு கீறான். இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க?"

யாரும் உடனே அசையவில்லை. பிறகு தேவா ரஞ்சிதாவின் விரல்களைத் தன் கையிலிருந்து மெல்லப் பிரித்தான். தன் படகில் கூட வரும் குமாரைப் பார்த்தான். இருவரும் படகின் விளிம்பில் தோள் கொடுத்தார்கள். வேறு சிலரும் ஓடிவந்து தள்ளினார்கள். 'போகாதே' என்பது அவள் தொண்டைவரை வந்தது. கிஷோரின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு முதல் அலையில் மூக்கைத் தூக்கியது. இன்ஜினின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுங்காற்றில் கிறீச்சிட்டது. படகு அலைக்குப் பின்னால் இறங்கியது. சத்தம் நின்றது. கரையில் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அப்புறம் அந்த இன்ஜின் சத்தம், இன்னும் தள்ளி, இன்னும் மெல்லியதாகக் கேட்டது.