இரண்டு பேருக்கும் ஒரே முகவரி

சார்ஜா தமிழ்ச் சபைக்குப் பதினாறு வருஷமாக அருள்ராஜ்தான் செயலாளர். கல்யாண ஓலை வாசிப்பதும் அவர் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வாரம், மாப்பிள்ளை பெண்ணின் பெயர், பெற்றோர், ஊர், குடியிருக்கும் முகவரி எல்லாவற்றையும் சபைக்கு முன்னால் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். ஊரில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். இங்கே ஞாயிறு டியூட்டி நாள் என்பதால் ஆராதனையும் ஓலையும் வெள்ளிக்கிழமை.

படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் அருள்ராஜ் திருப்பிவிடுவார். அவருக்கு அண்ணன் தம்பி என்ற கணக்கெல்லாம் கிடையாது. சொந்த ஊரான சாயர்புரத்தில் அவர்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக மூன்று ஓலை வாசிக்காமல் ஒரு தாலி ஏறியதில்லை. அதனால்தான் மகன் ராஜீவ் இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது, மற்றதையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். கல்யாணம் அங்கே நடக்கட்டும். ஓலை இங்கேயும் வாசிக்கப்பட வேண்டும்.

2006 மார்ச்சில் ஆபீஸ் ஃபேக்ஸில் படிவம் வந்தது. பெண் பெயர் ஜெம்மா. ஞானஸ்நானம் பெற்றவள், தகப்பன் பெயர் உண்டு, கையெழுத்து உண்டு. அருள்ராஜ் திருப்தியோடு ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு படிவத்தின் கீழ்ப்பக்கம் வந்தார். மணமகன் முகவரி: லீட்ஸ், பதினேழாம் எண் வீடு. மணமகள் முகவரி: லீட்ஸ், அதே தெரு, அதே பதினேழு.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

சார்ஜாவின் ரோலா பகுதியிலிருந்த வீட்டுக்கு வந்து மனைவி வசந்தகுமாரியிடம் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். அழவில்லை. வழி சொன்னாள்.

"அவ அம்மா வீட்டு அட்ரஸைக் கேட்டு எழுதிருங்க. பொறந்த வீடுதானே, பொய்யில்லையே."

அருள்ராஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் கோபத்தைவிட ஒரு கேள்விதான் அவரைக் குடைந்தது. லீட்ஸ் சர்ச்சிலும் போதகராக ஒரு ஐயர் இருக்கிறார். அவர் கைக்கும் இதே இரண்டு முகவரிதானே போயிருக்கும்? அந்த மனுஷன் எப்படி இதை வாங்கி வைத்துக்கொண்டார்? தாத்தா காலத்துச் சாயர்புரத்துக்கு ஓலை வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்கள் நாடுதானே?

அதே சர்ச் காம்பவுண்டில் ஆங்கிலச் சபை நடத்திவந்த கிரஹாம் ஐயரிடம் போனார். முப்பது வருஷம் இங்கிலாந்தின் வடக்கே சின்னச் சின்ன ஊர்களில் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். அருள்ராஜ் யாருக்காகவோ கேட்பதுபோலத்தான் ஆரம்பித்தார். கிரஹாம் ஐயர் தேநீர் ஊற்றிக்கொண்டே, உங்கள் மகனா மகளா என்று கேட்டுவிட்டார்.

தன்னிடம் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஒரே வீட்டிலிருந்துதான் வந்தார்கள் என்றார் ஐயர். தொடக்கத்தில் கண்டித்துப் பார்த்தாராம். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கல்யாணமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். பிறகு கண்டிப்பதை விட்டுவிட்டு, ஏன் இப்போது வந்தீர்கள் என்று மட்டும் கேட்டாராம். அதற்கு வந்த பதில்கள்தான் அவரை அந்த வேலையில் வைத்திருந்ததாம்.

"அப்படியென்றால் அது பாவமில்லை என்கிறீர்களா?"

"பாவம்தான். என் அப்பா காலத்தில் அதே பாவத்தைச் செய்துவிட்டு இரண்டு முகவரி எழுதினார்கள். இப்போது ஒன்றை எழுதுகிறார்கள்."

வெட்கம் போய்விட்டால் ஒரு குடும்பத்தில் மிச்சம் என்ன நிற்கும் என்று அருள்ராஜ் கேட்டார். தனக்கும் அது தெரியவில்லை என்று ஐயர் ஒத்துக்கொண்டார். அப்புறம் அவர் பங்குக்கு ஒன்று கேட்டார்: கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் ஜெயில் என்கிற இந்த ஊரில் உங்கள் பையன்கள் ஒழுங்காக இருப்பது தேவனுக்குப் பயந்தா, போலீசுக்குப் பயந்தா? அருள்ராஜ் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலமே லீட்ஸுக்குப் போன் போட்டார். வேறு முகவரி எழுதத் தெரியாதா என்று மகனைக் கேட்டார்.

"பொய்யா எழுதினா நீங்கதானப்பா ஃபார்மைத் திருப்பி அனுப்புவீங்க."

மூன்று வருஷமாக இருவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்றான். மூன்று வருஷம் இல்லாத ஓலை இப்போது எதற்கு என்று கேட்டார். ராஜீவ் தடுமாறினான். போன வருஷக் கடைசியில் அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்ததாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், நீ இவருக்கு யார் என்று கேட்டதற்கு ஜெம்மாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லையாம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லையாம். சர்ச்சுக்குப் போகத் தொடங்கியது அவள்தான். இவன் பின்னால் போனான். ஆபரேஷன் நடந்ததே தகப்பனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவள் போனை வாங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். உங்கள் ஜனங்களுக்கு முன்னால் என் பெயரைச் சத்தமாக வாசிப்பீர்களா என்று கேட்டாள். ஆம் என்றார். யாராவது எழுந்து தடை சொல்வார்களா? சொல்லலாம் என்றார். "நீங்கள் சொல்வீர்களா?" என்றாள்.

வாசிக்கிறவன் தடை சொல்கிற வழக்கமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை அருள்ராஜ் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். வந்த படிவத்தை வந்தபடியே வாசித்தார். பதினேழு என்பதை இரண்டு தரமும் நிறுத்திச் சொன்னார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு, யார் முகம் சுளிக்கிறது என்று வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒருவரும் சுளிக்கவில்லை. அந்தோணி வாத்தியார் விசிறிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டது.

காரணம் வெளியே சமோசாத் தட்டுக்குப் பக்கத்தில் தெரிந்தது. கமிட்டி உறுப்பினர் விஜயபாஸ்கர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா அண்ணாச்சி? அட்ரஸ் ஒண்ணா இருந்துச்சே."

இந்த ஊரில் வீட்டுக்குத் தபால் வராது. கம்பெனியின் தபால் பெட்டி எண்தான் எல்லாருக்கும் முகவரி. முந்நூறு பேருக்கு ஒரே முகவரி இருப்பது இங்கே அதிசயமே இல்லை. அருள்ராஜ் இரண்டு நாள் தூங்காமல் சுமந்த அவமானத்தை ஊரே சேர்ந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டது. வசந்தகுமாரி சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தாள்.

"கம்பெனி அட்ரஸ் இல்ல. வீட்டு அட்ரஸ்தான்," என்றார் அருள்ராஜ். "மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்காங்க. தப்பு. அதைச் சரிபண்ணத்தான் இப்ப ஓலை."

விஜயபாஸ்கர் கையை விட்டார். சுற்றி நின்ற நாலைந்து பேர் சமோசாவைப் பார்த்தார்கள். அவருக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் விஜயபாஸ்கர் குரலைத் தாழ்த்தினார்: அடுத்த வாரம் வேற யாராவது வாசிக்கட்டுமே அண்ணாச்சி, உங்களுக்கும் சங்கடம்.

"செயலாளர்தான் வாசிக்கணும்னு விதி. என்னை மாத்தணும்னா கமிட்டியைக் கூட்டுங்க. அதுவரைக்கும் ரெண்டாம் ஓலையும் நான்தான், மூணாம் ஓலையும் நான்தான்."

சொல்லும்போது முதுகு வளையவில்லை. பிறகு மனைவியோடு டாக்சியில் ஏறினார்.

வசந்தகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். எந்த வசவும் வரலாம் என்று அவர் காத்திருந்தார். வண்டி ரோலாவுக்குள் திரும்பி, ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் முன்னால் நின்ற கூட்டத்தில் மாட்டி நகராமல் நின்றது.

"அந்தப் புள்ள சேலை கட்டுமா?" என்றாள்.

"தெரியலயே."

"மூணு வருஷமா அவனுக்கு யாரு ஆக்கிப் போட்டது? அவளா, இல்ல இவனே ஆக்கித் தின்னானா?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வீட்டு எண்தான் என்று அப்போதுதான் உறைத்தது. செல்போனை எடுத்து லீட்ஸ் நம்பரைப் போட்டு மனைவியிடம் நீட்டினார்.

"எனக்கு எங்க அவ்வளவு இங்கிலீஷ் வருது," என்று சொல்லிக்கொண்டே அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.