மதிலுக்கு மேலால் போன குண்டு

மரித்த விசுவாசிகள் திருநாளுக்கு ஸ்ட்ரெதம் என்ற ஆங்கில ஊரின் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் ஒவ்வொருவராகப் பீடத்தடிக்குப் போய், இறந்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லி மெழுகுதிரி கொளுத்த வேண்டும். தொண்ணூற்றிரண்டு வயது மொய்றாவைப் படியேற்றி விடுகிற பொறுப்பைப் பியற்றிஸ் தானாகவே கேட்டு வாங்கியிருந்தாள். ஞாயிறு தோறும் ஒரே வாங்குப் பலகையில் அருகருகே இருந்து பழகியதில், அந்த வெள்ளைக்கார மூதாட்டியின் ஆங்கிலம் அவள் காதில் தமிழாகவே விழும்.

திருநாளுக்கு முதல் நாள் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மொய்றா தன் அண்ணன் ஜெப்ரியைப் பற்றிச் சொன்னார். உலகப் போரில் குண்டு விமானம் ஓட்டியவன். தூக்குக்குக் காத்திருந்த கைதிகள் தப்ப வேண்டுமென்று, பகைவரின் சிறை மதிலை மட்டும் உடைத்துவிட்டு வர அவனை அனுப்பினார்கள். அலையின் உப்பு கண்ணாடியில் படிகிற அளவுக்குக் கடலோடு ஒட்டிப் பறந்தான். நகரத்துக்குள் புகுந்தபோது புகைபோக்கிகள் அவனைவிட உயரத்தில் நின்றன. மதில் உடைந்தது. கைதிகள் ஓடினார்கள்.

மன்னார்க் கரையில் வளர்ந்த பியற்றிசுக்குத் தெரியும், அலைக்கு மேல் அப்படிப் பறக்கக் கடற்பறவைக்கே காற்றுப் பார்க்க வேண்டும்.

"கெட்டிக்காரன்," என்று மனதாரச் சொன்னாள்.

"ஒரு குண்டு நிலத்தில பட்டுத் துள்ளினது," என்றார் மொய்றா. "மதிலுக்கு மேலால போய், பின் தெருவில தையல் பழகிக்கொண்டிருந்த பிள்ளையளுக்கு மேல விழுந்தது. அண்ணைக்கு அது தெரியாது. திரும்பி வரேக்க கடலில விழுந்திட்டார்."

பியற்றிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய மகன் டெனுசன் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய்த் திரும்பி வராத காலையிலும் விமானம் அப்படித்தான் பனைகளை ஒட்டி வந்தது. துல்லியமான தாக்குதல் என்று வானொலி சொன்னது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மச்சாள் றஜீனா கொதித்தாள்.

"கால் நோகுதெண்டு சொல்லிப்போட்டு நாளைக்கு வீட்டில நில்லுங்கோ மச்சாள். குண்டு போட்டவனுக்குத் திரி கொளுத்த நீங்களே கைபிடிச்சு விடுறது?"

"அவன் போட்டது மதிலுக்கு."

"ஓம், எங்களுக்குப் போட்டவையும் மதிலுக்குத்தான் போட்டதாம். குறி பாக்கத் தெரியாததுகள் ஏன்தான் பிளேன் ஏறுதுகளோ."

பியற்றிசுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள், மொய்றாவைப் படியேற்றி விடுவதா வேண்டாமா என்ற கேள்வியோடேயே கோயிலுக்குப் போனாள். மொய்றாவின் மடியில் இரண்டு மெழுகுதிரிகள் இருந்தன.

"ஏன் ரெண்டு?"

"ஒண்டு ஜெப்ரிக்கு. மற்றது அந்தப் பிள்ளையளுக்கு. கால் நடக்க ஏலுமட்டும் வருசாவருசம் அந்த நகரத்துக்குப் போனனான். முதல் தரம், செத்த பிள்ளை ஒண்டின்ர தாய் என்ர மூக்கில படக் கதவைச் சாத்தினவ. இவ்வளவு நீள மூக்கு, பிழை என்னிலதான்."

"பிறகு?"

"அடுத்த வருசமும் போய்த் தட்டினன். நாலாம் வருசம் உள்ள கூப்பிட்டு இருக்கக் கதிரை போட்டா. அண்ணை நல்லவர் எண்டு சொன்னன். அவ தன்ர மகளைப் பற்றிச் சொன்னா. இருந்து கேட்டன்."

பியற்றிசின் கதவை யாரும் தட்டியதில்லை. தட்டியிருந்தால் அவளும் அடித்துத்தான் சாத்தியிருப்பாள். சாத்திய கதவின் முன் அடுத்த வருடமும் வந்து நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். அலையை ஒட்டிப் பறந்தவனின் துணிவு இந்த மனுசியின் துணிவுக்கு உறைபோடக் காணாது என்று பட்டது.

எழுந்து கையை நீட்டினாள்.

ஜெப்ரியின் பெயரைச் சொல்லி முதல் திரியைக் கொளுத்தியதோடு மொய்றா களைத்துப்போய்ப் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மற்றத் திரியை நீட்டினார்.

"எனக்கு ஏலாது. நீர் கொளுத்தும்."

பியற்றிஸ் அதை வாங்கவில்லை. "அது நீங்கள் கொளுத்த வேண்டியது. விழாமல் நான் பிடிச்சுக்கொள்றன்."

திரி லேசில் பற்றவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். பியற்றிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. திரி பற்றி எரியும்வரை அந்த மெலிந்த இடுப்பை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு நின்றாள்.