அவராக விட்ட வேலை

என் வீட்டுக்காரர் ஞானசுந்தரத்தை வேலையிலிருந்து யாரும் துரத்தவில்லை. அவராகத்தான் விட்டார்.

அவர் வேலை செய்தது, பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரின் துறைமுகப் பக்கம், சமையலறை அலமாரி செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே செய்ததில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குத்தான் போனது. அவர்கள் வரியை ஏற்றியதும் ஓர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. லொறிகள் வெளியே சும்மா கிடந்தன. ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரை என்பதுதான் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிருந்தன், வில்லரே பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்தான். மட்டக்களப்பில் எங்களுக்குப் பக்கத்து ஊர்ப் பொடியன். அந்தத் தொழிற்சாலையில் அவனைச் சேர்த்துவிட்டதே இவர்தான். இப்போது அவன் இவருக்கு மேலே சூப்பர்வைசர். கையில் ஒரு பை அப்பிள். தேநீர் குடித்தான், பனியைப் பற்றிக் கதைத்தான், மெட்ரோவில் சனம் கூடிவிட்டது என்றான், இன்னொரு தேநீரும் குடித்தான். வந்த விசயம் மட்டும் வாயில் வரவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவருக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வருத்தம், தீராத நோய். வீட்டுக்கு வந்தவன் சொல்லக் கூச்சப்பட்டால், அவன் சொல்லுமுன் நாங்களே முந்திவிட வேண்டும்.

“நீ ஒண்டும் சொல்லாத மனே,” என்றார். “நாளைக்கு நானே விடுறன் எண்டு ஒபிசில சொல்லுறன். உனக்கும் சங்கடமில்ல, எனக்கும் மரியாதை.”

“நீங்க எனக்குத் தகப்பன் மாதிரி மாமா,” என்று பிருந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

இவர் மறுநாளே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். கோயிலில் விசாரித்தவர்களுக்கெல்லாம், “நானாத்தான் விட்டனான். ஒருத்தரும் என்னைப் போ எண்டு சொல்லல்ல,” என்றார். பெரிய மனிசத்தனம்.

அந்த மாதக் கடைசியில் இன்னும் பலரை நிறுத்தினார்கள். வரியால் வேலை இழந்தவர்களுக்கு அரசாங்க உதவி என்ற செய்தியும் வந்தது. வேறு தொழில் படிக்கலாம், படித்து முடிக்கும்வரை வீட்டுச் செலவுக்குப் பணம் வரும். நிறுத்தப்பட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது. இவருக்கு இல்லை என்றார்கள். தானாக வேலையை விட்டவருக்கு எதற்கு உதவி? வேலை இல்லாதவர்களுக்கான காப்புறுதிப் பணத்தையும் அதையே சொல்லி மறித்துவிட்டார்கள். அறுபதைத் தொடப்போகிற மனிசனை இந்த ஊரில் இனி எவன் எடுப்பான்? நான் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுகிறேன். அந்தச் சம்பளத்தை நம்பி வாடகையும் ஓடாது, இவருடைய சீனி வருத்த மருந்தும் ஓடாது.

முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். ஒரு நாள் குறித்துக் கூப்பிட்டார்கள். இவர் யாரிடமும் வாய் திறந்து கேட்கமாட்டார் என்று தெரிந்து, நானே பிருந்தன் வீட்டுக்குப் போனேன்.

“அண்டைக்கு என்னத்துக்கு எங்கட வீட்ட வந்தனீ எண்டு அவங்களுக்குச் சொல்லு மனே. அது போதும்.”

அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். “மாமாட பேரைக் குடுத்ததே நான்தான் மாமி. நிப்பாட்ட ஆரையாவது சொல்லு எண்டு ஒபிசில கேட்டாங்கள். மாமா எண்டா என்னோட கோவிக்கமாட்டார் எண்டு நினைச்சன்.”

கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கத்தான் கை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவனுடைய வாய் எனக்குத் தேவைப்பட்டது. “அதையே வந்து சொல்லு,” என்றேன்.

வந்தான். அரசாங்க அலுவலகத்தில் மூன்று பேரும் ஒரு மேசை முன்னால் இருந்தோம். அதிகாரி நல்ல மனிசி, பொறுமையாகக் கேட்டாள். இவருக்குப் பிரெஞ்சு ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வராது, நான்தான் மொழிபெயர்ப்பு.

“வேலையை விடும்படி யாராவது அவரிடம் சொன்னார்களா?”

நான் இவர் பக்கம் திரும்பி, “ஓம் எண்டு சொல்லுங்க. மிச்சத்த இவன் சொல்லுவான்,” என்றேன். பிருந்தன் தொண்டையைச் செருமினான்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியை நேரே பார்த்து, “நோன், மதாம்,” என்றார். இல்லையாம்.

“அவருக்குக் கேள்வி விளங்கவில்லை,” என்று நான் அவசரமாகப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் அதே கேள்வியை இவரைப் பார்த்து ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். இவர் மறுபடியும் “நோன்” என்றார். கையை நெஞ்சில் வைத்து, “முவா,” என்றார். நான்தான் என்று அர்த்தம்.

அவரே அப்படிச் சொன்னபிறகு தன்னால் செய்ய ஒன்றும் இல்லை என்றாள் அவள். பிருந்தன் வாயை மூடிக்கொண்டான். தப்பினேன் என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பஸ் தரிப்பில் வைத்துக் கத்தினேன். ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும். “உங்களுக்கு என்ன விசரா? பேரைக் குடுத்ததே அவன்தான், தெரியுமா?”

“தெரியும்,” என்றார். “அப்பிளோட வாசலில நிக்கக்குள்ளயே தெரியும். அத அவன்ட வாயால கேட்டுக்கொண்டிருக்க என்னால ஏலா, சீதேவி.”

பஸ் வந்ததும் அவரை முதலில் ஏற்றிவிட்டு நான் பின்னால் ஏறினேன். மறுநாள் கார்டெரி முதலாளியம்மாவிடம் போய், பின்னேரத்தில் கூட்டித் துடைக்கிற வேலையையும் எனக்கே தரச் சொல்லிக் கேட்டேன்.